தண்ணீர் வரும் நேரம் தெரியச் சென்சாரா மைக்செட்டா என்பது அப்புறம். முதலில் எப்படி உட்கார்ந்து யோசிப்பது?

ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் தெருவில் குடம் உருளும் சத்தம் கேட்டால், திருடன் என்று பயந்து யாரும் கதவைச் சாத்துவதில்லை. காவிரித் தண்ணீர் வந்துவிட்டது என்று தெரிந்து, கிடக்கிற குடத்தை எல்லாம் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் கடலைப் பார்த்த ஊர் எங்களுடையது. திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்துக் குழாயில் இழுத்துவரும் தண்ணீர் எங்களுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் ஐந்து நாளைக்கு ஒரு தடவை வருகிறது. வந்தால் ஒன்றரை மணி நேரம். எந்த நாள் என்பதை விரல்விட்டு எண்ணி ஓரளவு சொல்லிவிடலாம். எந்த நேரம் என்பதுதான் யாருக்கும் தெரியாது. தவறவிட்டால் லாரித் தண்ணீர், குடம் பத்து ரூபாய். அதுவும் இல்லையென்றால் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு மணல்மேட்டுப் பக்கம் ஊத்துக்குப் போய், சிரட்டையால் மொண்டு மொண்டு நிரப்ப வேண்டும்.

2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தபோது ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தார்கள். குடம் 15 லிட்டர் என்றால் நாலு குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் தெருக்களில் வீட்டுக்கு வீடு குழாயும் வந்துவிட்டது. குழாய் இருக்கிறது, நேரம் தெரியவில்லை. இந்தக் காலத்தில் இதைக்கூடவா தீர்க்க முடியாது என்று மகளிர் குழுவில் பேச்சு வந்தது. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள், கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்பதால் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

நான் முதலில் செய்த காரியம், யூடியூபில் வாட்டர் லெவல் சென்சார் வீடியோக்களைப் பார்த்ததுதான். ஒரு வாரம் அதிலேயே போய்விட்டது. எந்தக் கருவி என்று ஒப்பிடுவதற்கு முன்னால், எப்படி உட்கார்ந்து யோசிப்பது என்பதை ஒப்பிட்டிருக்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது பிற்பாடுதான். அதே ஆட்களை, அதே பிரச்சினையை வைத்து நாலைந்து விதமாக உட்கார்ந்து பார்த்தோம். ஒவ்வொரு விதத்திலும் வேறு பதில் வந்தது. எந்த முறையில் என்ன கிடைத்தது, என்ன கைவிட்டுப் போனது என்பதை எழுதி வைக்கிறேன்.

வாய்விட்டுப் பேசும் கூட்டம்

இதுதான் எல்லோரும் செய்வது. புயல் காப்பகத் திண்ணையில் ஒரு சாயங்காலம் பதினேழு பேர் கூடினோம். "மனசுல பட்டதைச் சொல்லுங்க, யாரும் யாரையும் மறுத்துப் பேசக் கூடாது" என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். அமெரிக்காவில் விளம்பரத் தொழிலில் இருந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன் இதற்கு வகுத்த விதிகள் நாலு. குறை சொல்வதைத் தள்ளிப்போடு. எவ்வளவு கிறுக்குத்தனமாக இருந்தாலும் சொல். தரத்தைவிட எண்ணிக்கை பெரிது. அடுத்தவர் சொன்னதன் மேல் உன்னுடையதை ஏற்று. 1953ஆம் ஆண்டிலேயே அவர் விரிவாக எழுதிவிட்டார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

திண்ணையில் நடந்தது வேறு. என்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவன் எழுந்து, தொட்டியில் சென்சார் வைத்து ஆப் செய்துவிடலாம் என்றான். அதோடு கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆப்பில் என்ன நிறம், யார் பெயர் போடுவது என்பது வரைக்கும் பேச்சுப் போனது. இன்னொரு அண்ணன் கலெக்டரிடம் மனு கொடுப்போம் என்றார், மூன்று தடவை. மோட்டார் போடுகிறவர் வேண்டுமென்றேதான் நேரத்தைச் சொல்வதில்லை என்று ஒரு சண்டை. ஒரு மணி நேரத்தில் வாய் திறந்தவர்கள் நாலு பேர். தள்ளுவண்டி தள்ளுகிற யாரும் அந்த நாலு பேரில் இல்லை. வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கூட்டத்தில் வாய் உள்ள பிள்ளையின் யோசனைதான் பிழைக்கிறது.

இது எங்கள் ஊர்க் கோளாறு மட்டும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நாலு நாலு பேராகக் கூடி யோசித்தவர்களையும், தனித்தனியாக யோசித்த நாலு பேரின் பட்டியலைச் சேர்த்ததையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தனியாக யோசித்தவர்கள் பக்கம்தான் அதிகம் தேறியது. 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரண்டு உளவியலாளர்கள் அதற்குக் காரணம் தேடினார்கள். அவர்கள் முக்கியமாகக் கண்டது பயத்தையோ சோம்பலையோ அல்ல. ஒரு நேரத்தில் ஒருவர்தானே பேச முடியும்? தன் முறை வரும் வரை காத்திருக்கும் மற்றவர்களுக்கு யோசனை அடைபட்டுப்போகிறது. ரேஷன் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் இந்த முறையை ஒதுக்கிவிட மாட்டேன். ஆட்களைக் கூட்ட, மனக்குறையைக் கொட்ட வைக்க, சிரிக்க வைக்க இதைவிட்டால் வேறு இல்லை. மனக்குறை உள்ளே இருக்கும்வரை யோசனை வெளியே வராது. அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். முடிவு எதையும் அன்றைக்கு எடுக்காதீர்கள்.

ஏன், ஏன், ஏன்

டொயோட்டா கார் கம்பெனியில் பிரபலமான முறை இது. பழுது வந்தால் ஏன் என்று கேட்டு, வந்த பதிலுக்கும் ஏன் என்று கேட்டு, ஐந்து படி இறங்குவது. இதைக் கூட்டமாகச் செய்யவில்லை. நானும் பக்கத்து வீட்டு மதினியும் மேல்நிலைத் தொட்டிக்கு நடந்தே போய், மோட்டார் போடுகிறவரிடம் கேட்டோம்.

ஏன் ராத்திரி இரண்டு மணிக்குத் திறக்கிறீர்கள்? மேல் தொட்டி அப்போதுதான் நிறைகிறது. ஏன் அப்போது நிறைகிறது? கீழே சம்ப்பில், அதாவது தரைத் தொட்டியில், தண்ணீர் சேர்ந்தால்தானே மோட்டார் போட முடியும். ஏன் முன்கூட்டியே சொல்லக்கூடாது? சம்ப்புக்கு மெயின் குழாயில் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

"நான் சாயங்காலம் ஒருக்க, ஒம்போது மணிக்கு ஒருக்க, பன்னெண்டு மணிக்கு ஒருக்க சைக்கிள்ல வந்து மூடியத் தெறந்து டார்ச் அடிச்சுப் பாக்குறேன். நீங்க என்னடான்னா நான் வேணும்னே செய்யுறேன்னு பேசிக்கிறிய" என்றார். நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மூன்று ஏன்களிலேயே கேள்வி தலைகீழானது. அவர் ஏன் சொல்வதில்லை என்பது போய், அவருக்கு எப்படித் தெரியவைப்பது என்று மாறிவிட்டது. செலவு, பத்து நிமிட நடை. ஐந்து முறைகளில் இதற்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன். ஒரு கண்டிஷன் உண்டு: பதில் சொல்ல வேண்டியவர், அந்தப் பொருளில் கை வைக்கிற ஆளாக இருக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து நாமே ஏன் கேட்டு நாமே பதிலும் சொன்னால், மூன்றாவது ஏனில் யாரோ ஒரு ஆள்மீது பழி விழுந்து சங்கிலி நின்றுவிடும். இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குகிறது. பக்கவாட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. காரணம் கிடைக்கும், வழி கிடைக்காது.

திரும்பி வந்ததும் கேள்வியைத் திருத்தி எழுதினோம். தண்ணீர்ப் பஞ்சத்தை எப்படித் தீர்ப்பது என்று எழுதினால் கடல்நீரைக் குடிநீராக்குவது வரை போகும். அந்த மாதிரி ஆலை நம் மாவட்டத்திலேயே நரிப்பையூரில் வந்தது. அது ஊர்க்கூட்டத்தில் முடிகிற வேலையா? நாங்கள் எழுதியது இது: "தண்ணி தொறக்குறதுக்கு அரை மணி நேரம் முன்னால மூணு தெருவுக்கும் எப்படித் தெரியவைக்கலாம்?" கேள்வி இவ்வளவு சின்னதாக இருந்ததால், உப்புக் கரிக்கிறது, உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்குவோம் என்ற பேச்சை மனவருத்தம் இல்லாமல் தள்ளிவைக்க முடிந்தது. (அதுவும் நியாயமான பேச்சுத்தான். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. அதற்குத் தனியாக ஒரு நாள் உட்கார வேண்டும்.)

பேப்பர் சுற்றுவது

ஜெர்மனியில் பெர்ன்ட் ரோர்பாக் என்பவர் 1960களின் கடைசியில் சொன்ன முறை. ஆறு பேர், ஆளுக்கொரு தாள், மூன்று யோசனை, ஐந்து நிமிடம். பிறகு தாளை அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். அவர் மேலே இருப்பதைப் படித்துவிட்டு அதன் கீழே இன்னும் மூன்று எழுதுவார். ஆறு சுற்று முடிந்தால் அரை மணி நேரத்தில் 108 யோசனை. யாரும் பேசக் கூடாது. ரேஷன் வரிசைக் கோளாறுக்கு இது நேரடி வைத்தியம்: எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், சத்தம் இல்லாமல்.

தாளுக்கு என் கடையில் பஞ்சமில்லை. ஆனால் முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. எழுதத் தெரியாதவர்கள் ஆறு பேரில் இரண்டு பேர். மீன் விற்கும் பாட்டிக்கு அவர் பேத்தி எழுதினாள். இன்னொருவர், லாத்தா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அக்கா, படம் போட்டார். மூன்று யோசனையை இரண்டாக்கினோம், ஐந்து நிமிடத்தை ஏழாக்கினோம். மோட்டார் போடுகிறவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். அவர் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

ஒரு தாளை மட்டும் இங்கே காட்டுகிறேன், இன்னும் கடையில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் வரி பாட்டி சொல்லிப் பேத்தி எழுதியது: "தண்ணி வரும் முன்னாடி குழாயில் உஸ்ஸுன்னு காத்து வரும். அதில் பீப்பி வைத்தால் ஊதும்." படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. திண்ணையில் சொல்லியிருந்தால் எல்லோருமே சிரித்திருப்போம், பாட்டி அதோடு வாயை மூடியிருப்பார். தாளைப் பார்த்துச் சிரித்தால் பாட்டிக்குத் தெரியாது. அடுத்த சுற்றில் அது மோட்டார்க்காரர் கைக்குப் போனது. அவர் எழுதியது: "சம்ப்புக்கு வரும் மெயின் குழாயிலும் இப்படித்தான் காத்து வரும். அது தண்ணி தெருவுக்கு வர ஒரு மணி நேரம் முந்தி." மூன்றாவது ஆள்: "குழாயில் ஓட்டை போட்டால் கேஸ் ஆகும். தொட்டியில் மிதவை சுவிட்ச் தொங்கவிடலாம், வீட்டு மாடித் தொட்டிக்குப் போடுவது மாதிரி." அதற்குக் கீழே லாத்தா ஒரு மணி படம் போட்டு, பக்கத்தில் ஒரு வீடு வரைந்து, வீட்டுக்குள் கண் விழித்தபடி ஒரு ஆளைப் போட்டிருந்தார். சம்ப்புக்குப் பக்கத்து வீடு அவருடையதுதான். ராத்திரியில் அவருக்குத் தூக்கம் வருவதில்லை.

காற்று ஊதும் சத்தம் வீட்டுக் குழாயிலிருந்து சம்ப்புக்கு நகர்ந்தது, பீப்பி மிதவையானது, மிதவை மணியானது. கிடைத்த அவகாசம் சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரமாக நீண்டது. நாலு பேரில் யாரும் முழுசாக யோசிக்கவில்லை. என்ஜினியரிங் தம்பியும் அன்று இருந்தான். மிதவை சுவிட்ச் என்று எழுதிய மூன்றாவது ஆள் அவன்தான். கூட்டத்தில் ஆப் என்று பேசிய அதே பையன், பேப்பரில் முன்னூறு நானூறு ரூபாய்ச் சாமானை எழுதினான். கேட்டதற்கு, "திண்ணையில பெருசா சொன்னாத்தானக்கா மதிப்பாக" என்றான்.

இந்த முறைக்குக் குறை இல்லாமல் இல்லை. வந்த யோசனைகளில் பாதிக்கு மேல் ஒன்றையொன்று நகலெடுத்தவை. கையெழுத்து புரியாமல் ஒரு தாள் வீணானது. இரண்டாவது சுற்றிலேயே அலுத்துப்போய் "மேலே உள்ளதே" என்று எழுதினார் ஒருவர். ஆறு பேருக்கு மேல் போனால் ஓடாது. இரண்டு வட்டமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஏஐயிடம் கேட்டது

இதைச் சொல்லாவிட்டால் கடைக்கு வரும் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். செல்போனில் உள்ள ஏஐயிடம் தமிழிலேயே வாயால் கேட்டேன். தாளை வெட்டி முடிக்கும் நேரத்தில் முப்பது யோசனை கொடுத்துவிட்டது. வேகத்தில் அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் முப்பதில் பெரும்பாலானவை ஏதோ நகரத்து அபார்ட்மென்ட்டுக்குச் சொன்னது மாதிரி: ஸ்மார்ட் மீட்டர், ஆப், எல்லா வீட்டிலும் பெரிய தொட்டி. ஆழ்துளைக் கிணறு போடுங்கள் என்றும் ஒன்று. கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெத்தை மாதிரி மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே அது ஓர் அடி இருந்தால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி இருக்கும். மேலே ஓர் அடி குறைய உறிஞ்சினால் கீழிருந்து உப்பு அந்த நாற்பது அடி அளவுக்கு ஏறிவிடும். எங்கள் பாட்டிமார் ஊத்தில் சிரட்டையால் மொண்டதற்கு இதுதான் காரணம். மோட்டார் வைத்த ஊத்துகள் கரித்துப்போனதற்கும் இதுதான்.

கேள்வியைத் திருப்பிப் போட்டபோதுதான் அது உபயோகப்பட்டது. யோசனை கேட்காமல், "நாங்கள் இப்படிச் செய்யப்போகிறோம், எங்கெங்கே சொதப்பும்?" என்று கேட்டேன். சிம் போடும் மலிவான சர்க்யூட்டுகளில் பல 2ஜியில் மட்டும் ஓடுபவை, ஜியோ சிம் அதில் வேலை செய்யாது என்றது. தம்பி சரிபார்த்தான், உண்மைதான். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள், 230 வோல்ட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்காதீர்கள் என்றும் சொன்னது. இதற்காகவே அதைக் கூட்டத்தில் ஒரு ஆளாகச் சேர்க்கலாம். கடைசி ஆளாக. முதலில் கேட்டுவிட்டால் அந்த முப்பதும் எல்லோர் தலையிலும் உட்கார்ந்துகொள்ளும், பாட்டியின் பீப்பிக்கு இடம் இருக்காது.

மற்ற முறைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஆறு நிறத் தொப்பி போட்டு யோசிக்கும் முறை ஒன்று இருக்கிறது, எட்வர்ட் டி போனோ 1985இல் சொன்னது. எங்கள் கூட்டத்துக்கு அது நாடகம் மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். மாற்று, சேர், குறை, தலைகீழாக்கு என்று ஒரு பொருளைக் கேள்விகளால் குடையும் பட்டியல் முறை ஒன்று, தனியாக யோசிப்பவர்களுக்கு நல்லது. லாத்தா மணியை எங்கே தொங்கவிடலாம் என்று கடையில் உட்கார்ந்து யோசித்தபோது எனக்கு அது கைகொடுத்தது.

புளியங்கொட்டை ஓட்டு

யோசனை கொட்டிக் கிடக்கிறது, எதை எடுப்பது? கைதூக்கச் சொன்னால் பெரியவர் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் எல்லாக் கையும் போகும். 1971இல் அமெரிக்காவில் டெல்பெக், வான் டி வென் என்ற இருவர் வகுத்த முறையில், தனியாக எழுதி, ஒவ்வொருவராக வாசித்து, சந்தேகம் மட்டும் தீர்த்துக்கொண்டு, கடைசியில் ரகசியமாக மதிப்பெண் போடுகிறார்கள். நாங்கள் மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுத்தோம். ஐந்து டப்பாக்கள், மேலே படம். எத்தனை கொட்டையை எதில் வேண்டுமானாலும் போடலாம். சேலை மறைவில் போட்டுவிட்டு வந்தார்கள்.

டப்பாவில் இருந்த ஐந்து வழிகளையும் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது இதுதான்.

மைக்செட்: பள்ளிவாசலிலும் கோயிலிலும் இருக்கிறது, செலவே இல்லை, போன் இல்லாதவர்களுக்கும் கேட்கும். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஆனால் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி போடக் கூடாது. எங்கள் தண்ணீர் வருவதே அந்த நேரத்தில்தான். பகலில் வரும் நாட்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

வாட்ஸ்அப் குழு: ஏற்கெனவே இருக்கிறது. காலை வணக்கமும் ரோஜாப்பூவும் நிறைந்து, முக்கியமான சேதி மூழ்கிப்போகும். அட்மின் மட்டும் அனுப்பும்படி மாற்றினால் அது சரியாகும். ராத்திரி இரண்டு மணிக்கு 'டிங்' என்ற ஒரு சத்தத்துக்கு யார் எழுந்திருப்பார்கள்? அதைவிடப் பெரிய கோளாறு, பாதி வீட்டில் வாட்ஸ்அப் உள்ள போன் வீட்டுக்காரரிடமோ மகனிடமோ இருக்கிறது, அவர்கள் கடலில் இருக்கிறார்கள்.

மிஸ்டு கால்: பட்டன் போனிலும் வேலை செய்யும், காசு இல்லை, நன்றாக ஒலிக்கும். ஒருவர் இருவரைக் கூப்பிட, அவர்கள் இருவர் இருவரைக் கூப்பிட என்று போனால் ஆறே சுற்றில் ஊரை முடித்துவிடலாம் என்று தாளில் கணக்கு அழகாக வந்தது. முதல் இருவரில் ஒருவர் அசந்து தூங்கினால் பாதி ஊர் காலி என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. அதனால் சங்கிலியை விட்டுவிட்டுத் தெருவுக்கு இரண்டு பேர் என்று வைத்தோம். ஒருவர் எழாவிட்டால் இன்னொருவர்.

சென்சாரும் ஆப்பும்: கேட்க நன்றாக இருக்கும். தொட்டிக்குள் ஈரம் படிந்து அளவு தவறும், சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ், பழுது பார்க்கத் தம்பி லீவில் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் காற்று. சும்மா கிடக்கிற இரும்புக் கேட்டையே இரண்டு வருடத்தில் தின்றுவிடும் உப்புக் காற்று அது. தம்பி சோதனைக்கு வைத்த சர்க்யூட்டின் இணைப்புகள் சில வாரத்தில் பச்சைப் பூத்துப்போயின. சென்சாரே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பத்து ஊருக்கு ஒரே இடத்திலிருந்து பார்க்க வேண்டும், பராமரிக்கச் சம்பளத்துக்கு ஆள் உண்டு என்றால் அதுதான் சரி. எங்களிடம் இரண்டும் இல்லை.

மிதவையும் மணியும்: சம்ப்புக்குள் கயிற்றில் தொங்கும் மிதவை சுவிட்ச், வெளியே லாத்தா வீடு வரை ஒயர், வீட்டுக்குள் பேட்டரியில் ஓடும் காலிங் பெல். தண்ணீர் ஏறினால் மிதவை சாய்ந்து மணி அடிக்கும். லாத்தா சுவிட்சை அணைத்துவிட்டு மோட்டார்க்காரருக்குப் போன் போடுவார், அப்புறம் தெருவுக்கு இரண்டு பேருக்கு மிஸ்டு கால். ஊராட்சித் தலைவரிடம் வாயால் சொல்லிவிட்டோம். அரசுச் சாமான் எதிலும் ஓட்டை போடவில்லை, திருகவில்லை.

மிதவை டப்பாவில்தான் கொட்டை அதிகம், அடுத்தது மிஸ்டு கால். மைக்செட் டப்பாவில் விழுந்த ஐந்து கொட்டையும் என்னுடையவை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். ஆப்புக்கு ஒரே ஒரு கொட்டை. யார் போட்டது என்று தம்பியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் தன்னுடையதில்லை என்று சத்தியம் செய்தான்.

நேரம் குறைவாக இருந்தால் எதை விடலாம் என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு: ஒரே ஒரு சாயங்காலம்தான் என்றால் பகலிலேயே இரண்டு பேர் போய் ஏன் கேட்டுவிட்டு வாருங்கள், சாயங்காலம் பேப்பர் சுற்றுங்கள், கொட்டை போடுங்கள். வாய்விட்டுப் பேசுவதை டீ குடிக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே ஆளாக இருந்தால் பட்டியல் முறை, பிறகு ஏஐயிடம் குறை கேட்பது. மூன்று பேர் என்றால் இவ்வளவு சடங்கே வேண்டாம்.

மணி வைத்து மூன்று மாதம் ஆகப்போகிறது. ஒயர் இணைப்பில் படகு என்ஜின் போல்ட்டுக்குப் போடும் கிரீஸைத் தடவி டேப் சுற்றியிருக்கிறோம், இதுவரை பச்சைப் பூக்கவில்லை. மோட்டார்க்காரர் ராத்திரி சைக்கிள் மிதிப்பதில்லை. போன வாரம் மட்டும் மணி அடிக்கவில்லை: சம்ப்பில் பழைய தண்ணீர் கால்வாசி கிடந்ததால் மிதவை கீழே இறங்கவே இல்லை, இறங்காதது எப்படி ஏறும்? கயிற்றை ஒரு முழம் சுருக்கிக் கட்டினோம். மூன்றாவது தெருவில் ஆறு வீட்டுக்குச் சேதி போகவில்லை என்று ஒரு குறை இருக்கிறது. கூப்பிட வேண்டிய இரண்டு பேருமே கல்யாணத்துக்குக் கீழக்கரை போயிருந்தார்கள். பீப்பி யோசனை சொன்ன பாட்டியும் அந்த ஆறில் ஒருவர். அவருக்குக் காது மந்தம், மிஸ்டு கால் போனாலும் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருகிறோம். கேள்வியை எழுதி, தாளை வெட்டி வைத்துவிட்டேன்: "சத்தம் கேட்காதவங்களுக்குத் தண்ணி வந்தது எப்படித் தெரியும்?" லாத்தா இப்போதே பென்சில் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்.